ஞானஸ்நானம் பெற்ற பின்னும் துர் இச்சை ஏன்?



சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தேவநற்கருணை ஆசீர்வாதம் முடிந்து சனங்கள் கலைந்த பிற்பாடு, ஒருவர் அறைவீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் பெயரும் தொழிலும் இங்கே வேண்டாம். அவர் கேட்டது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அல்ல, வாசலில். அதை எழுதலாம் என்று அவரே உத்தரவு தந்தார். ஏனெனில், “என்னைப்போல இன்னும் நாலு பேர் இருப்பார்கள், சாமி” என்றார்.

அவர் கேட்டது இதுதான்: “சாமி, விபூதி புதனன்று இனிக் குடிக்கிறதில்லை என்று பிரதிக்கினை பண்ணினேன். நாற்பது நாளும் தொடவில்லை. பாஸ்குப் பூசை கண்டு நன்மை வாங்கினேன். அடுத்த வாரம் மைத்துனன் வீட்டுக் கல்யாணத்தில் எல்லாம் போய்விட்டது. வீட்டில் பிள்ளைகள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. இஸ்பிரீத்துசாந்து நமக்குள்ளே வாசம் பண்ணுகிறார் என்று பிரசங்கத்தில் சொல்லுகிறீர்கள். அவர் இருந்தால் இந்த ஆசை ஏன் இன்னும் சாகவில்லை? நான் பண்ணின பாவசங்கீர்த்தனம் எல்லாம் வீண்தானே? அதனால்தான் இரண்டு மாதமாய் நன்மை வாங்க வருகிறதில்லை.”

குடிக்காதவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். கோபக்காரர் தம் கோபத்தைப் பற்றியும், புறணி பேசுகிறவர் தம் நாவைப் பற்றியும், இரவில் செல்போனில் காணத்தகாததைக் காண்கிற வாலிபன் தன் கண்களைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். ஆகையால் இந்த வாரப் பாடத்தை இதற்கே ஒதுக்குகிறேன்.

1. துர் இச்சை என்பது என்ன?

சர்வேசுரன் நம் ஆதித் தாய்தகப்பனை உண்டாக்கினபோது, அவர்களுடைய ஆசைகள் புத்திக்கும், புத்தி சர்வேசுரனுக்கும் கீழ்ப்படிந்திருந்தன. அவர்கள் கட்டளையை மீறினதால் இந்த ஒழுங்கு குலைந்தது. எசமானுக்கு எதிராக எழும்பின வேலைக்காரனுக்கு அவனுடைய வேலைக்காரனும் அடங்காமற் போனதுபோல, புத்திக்கு ஆசை அடங்காமற் போயிற்று. இந்த அடங்காத சாய்வையே துர் இச்சை என்கிறோம்.

ஞானஸ்நானம் ஜென்மப் பாவத்தை முழுவதும் போக்குகிறது. ஆனாலும் துர் இச்சை தங்குகிறது. இது நாமாகக் கற்பித்துக்கொண்ட சமாதானம் அல்ல, திருச்சபையின் போதனை. திரெந்து நகரில் கூடிய பொதுச்சங்கம் 1546ம் வருடம் ஜூன் மாதம் 17ந் தேதி தன் ஐந்தாம் அமர்வில் இதைத் தெளிவாய்த் தீர்மானித்தது. ஞானஸ்நானம் பெற்றவர்களிடம் துர் இச்சை மீதியாய் இருப்பது அவர்கள் யுத்தம் செய்வதற்காக. அதற்குச் சம்மதியாமல் சேசு கிறீஸ்துநாதரின் இஷ்டப்பிரசாதத்தால் எதிர்த்து நிற்கிறவர்களுக்கு அது சேதம் செய்ய மாட்டாது என்று போதித்தது. அர்ச். சின்னப்பர் சில இடங்களில் அதைப் பாவம் என்று அழைத்தாலும், அது உள்ளபடியே பாவம் அல்ல. பாவத்திலிருந்து வந்து பாவத்துக்கு இழுப்பதால் அப்படி அழைக்கப்படுகிறது என்றும் விளக்கிற்று.

நம் பக்கத்துக் காடுகளில் சீமைக் கருவேல மரத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அரிவாளால் வெட்டிச் சாய்த்துவிட்டால் மரம் போயிற்று. ஆனால் ஒரு மழை பெய்தால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கிறது. துளிரைக் கண்டவுடனே நிலத்துக்காரன், “நான் வெட்டினது வீண்” என்று நிலத்தை விட்டுவிட்டுப் போவானா? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வருவான். துளிர்க்கிறது என்பதால் நிலம் அவனுடையதல்ல என்று ஆகாது. கைவிட்டால்தான் காடாகும்.

2. மாமிசம் என்றால் சரீரம் மட்டுமா?

கலாத்தியருக்கு எழுதின நிருபத்தின் 5ம் அதிகாரத்தில் அர்ச். சின்னப்பர், மாமிசம் இஸ்பிரீத்துவுக்கும், இஸ்பிரீத்து மாமிசத்துக்கும் விரோதமாய் இருப்பதைக் காட்டுகிறார். மாமிச இச்சை என்றவுடன் அநேகர் கற்புக்கு விரோதமான பாவத்தை மட்டும் நினைக்கிறார்கள். ஆனால் அப்போஸ்தலர் கொடுக்கும் பட்டியலை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். கிரேக்க மூலத்தில் 15 கிரியைகள் வருகின்றன. மோகமும் அசுத்தமும் அதில் உண்டு. விக்கிரக ஆராதனையும் பில்லிசூனியமும் உண்டு. குடிவெறியும் பெருந்தீனிக் களியாட்டும் உண்டு. மீதி எட்டும் எவை? பகை, சண்டை, வைராக்கியம், கோபம், கட்சிப் போட்டி, பிளவு, பிரிவினை, பொறாமை. பாதிக்கு மேல் ஒருவரோடொருவர் செய்யும் பாவங்கள்!

ஆகவே குடிக்காதவர், வேலி தாண்டாதவர், “நான் மாமிசத்தை ஜெயித்தேன்” என்று மீசையை முறுக்க வேண்டாம். அண்ணன் தம்பி பத்து வருடமாய் வரப்புத் தகராறில் பேசாமலிருந்து, ஒரே பூசையில் ஒருவர் வலப்பக்கமும் ஒருவர் இடப்பக்கமும் முழந்தாளிட்டால், அங்கேயும் மாமிசம்தான் ஆட்சி செய்கிறது. திருநாள் வரவு செலவில் கட்சி கட்டி நிற்பதும் மாமிசத்தின் கிரியையே.

இதில் மற்றொரு தப்பறையையும் விலக்க வேண்டும். சரீரமே கெட்டது என்று நாம் சொல்லுகிறதில்லை. அப்படிச் சொன்னவர்கள் மனிக்கேயர் என்னும் பதிதர். நம் சரீரத்தைச் சர்வேசுரன் உண்டாக்கினார். சுதனாகிய சர்வேசுரன் அதே சரீரத்தை எடுத்து மனிதனானார். அது இஸ்பிரீத்துசாந்துவின் ஆலயம் என்று அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதுகிறார். நாம் எதிர்க்கவேண்டியது சரீரத்தை அல்ல, சர்வேசுரனை விட்டுத் தன்னையே தேடும் மனதை.

அப்போஸ்தலர் மாமிசத்தைப் பற்றிப் பேசும்போது “கிரியைகள்” என்று பன்மையில் சொல்லி, இஸ்பிரீத்துவைப் பற்றிப் பேசும்போது “கனி” என்று ஒருமையில் சொல்லுவதையும் கவனியுங்கள். பாவக் கிரியையை ஒரு நிமிஷத்தில் செய்துவிடலாம். கனியோ அப்படியல்ல. வேர் பிடித்து, பூத்து, பிஞ்சாகி, காயாகி, பழுக்க வேண்டும். பொறுமையும் சாந்தமும் ஒரு தபசு காலத்தில் பழுக்கவில்லையென்று மரத்தை வெட்டுகிறவன் புத்திசாலி அல்ல.

3. அர்ச். அகுஸ்தீன் கண்ட சங்கிலி

இந்த யுத்தத்தை அர்ச். அகுஸ்தீனைப்போல உள்ளும் புறமும் விவரித்தவர்கள் அரிது. அவர் 354ம் வருடம் வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்னும் ஊரில் பிறந்தார். தாய் அர்ச். மோனிக்கம்மாள் கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருக்க, மகன் மனிக்கேயரோடு ஏறக்குறைய ஒன்பது வருடம் திரிந்தார். விவாகமின்றி ஒரு பெண்ணோடு வாழ்ந்து ஒரு மகனையும் பெற்றார். பின்பு மிலான் நகரில் அர்ச். அம்புரோசியாரின் பிரசங்கங்களைக் கேட்டுச் சத்தியம் இன்னதென்று அறிந்தார். ஆனால் அறிந்ததினால் மட்டும் விடுதலை வரவில்லை. கற்பைத் தரும்படி ஜெபித்தபோதும், உடனே தந்துவிடுவாரோ என்று உள்ளுக்குள் பயந்ததாக அவரே ஒப்புக்கொள்ளுகிறார்.

தம்மைக் கட்டியிருந்தது பிறர் போட்ட இரும்பு அல்ல, தம் மனதே உருக்கின இரும்பு என்கிறார். கோணலான மனதிலிருந்து இச்சை பிறந்தது. இச்சைக்கு வேலை செய்ததால் பழக்கம் வந்தது. பழக்கத்தை எதிர்க்காததால் அது இல்லாமல் முடியாது என்ற நிலைமை வந்தது. இப்படிக் கண்ணியோடு கண்ணி கோத்துச் சங்கிலியாயிற்று.

இதை நம் வாழ்க்கையோடு ஒத்துப்பாருங்கள். கல்யாண வீட்டில் சிநேகிதருக்காக ஒரு கிளாஸ் என்று ஆரம்பித்தது முதல் கண்ணி. சம்பள நாளில் என்பது இரண்டாம் கண்ணி. உடம்பு வலிக்கு என்பது மூன்றாம் கண்ணி. கடைசியில் காலையில் கை நடுங்குகிறது, குடித்தால்தான் நிற்கிறது. முதல் கண்ணியை ஒரு குழந்தை அறுத்துவிடலாம். கடைசிக் கண்ணிக்குக் கொல்லன் வேண்டும்.

386ம் வருடம் மிலானில் ஒரு தோட்டத்தில் அகுஸ்தீன் அழுதுகொண்டிருக்கையில், எடுத்து வாசிக்கும்படி ஒரு குழந்தைக் குரல் கேட்டது. உரோமையருக்கு எழுதின நிருபத்தின் 13ம் அதிகாரத்தில், களியாட்டையும் குடிவெறியையும் விட்டுக் கிறீஸ்துநாதரை அணிந்துகொள்ளச் சொல்லும் இடத்தை அவர் கண்கள் கண்டன. அந்நேரமே சங்கிலி அறுந்தது. 387ம் வருடம் பாஸ்கு இரவில் அம்புரோசியார் கையால் ஞானஸ்நானம் பெற்றார்.

இவ்வளவும் அநேகருக்குத் தெரியும். தெரியாத பாகம் இனி வருகிறது. பத்து வருடத்துக்குப் பின், ஆயராய் இருக்கையில், அவர் தமது சங்கீர்த்தன நூலை எழுதினார். அதன் பத்தாம் புத்தகத்தில், ஆயராகிய தாம் இன்னும் படும் சோதனைகளைச் சொல்லுகிறார். பழைய நினைவுகள் சொப்பனத்தில் வந்து தொல்லைப்படுத்துகின்றன. பசிக்குச் சாப்பிடுவது எது, ருசிக்குச் சாப்பிடுவது எது என்று பிரிக்க முடியவில்லை. மனிதர் புகழ்ந்தால் மனம் இனிக்கிறது என்கிறார். அர்ச்சியசிஷ்டவரான அகுஸ்தீனுக்கே துர் இச்சை ஞானஸ்நானத்தோடு சாகவில்லை என்றால், நமக்குச் சாகவில்லையே என்று நாம் ஏன் அவநம்பிக்கைப்பட வேண்டும்?

4. சோதனை வேறு, சம்மதம் வேறு

எந்தச் சோதனையிலும் மூன்று படி உண்டென்று வேத சாஸ்திரிகள் போதிக்கிறார்கள். முதலாவது தூண்டுதல்: நினைவு வருகிறது. இரண்டாவது இன்பம்: அந்த நினைவு மனதுக்கு இனிப்பாய்த் தோன்றுகிறது. மூன்றாவது சம்மதம்: மனது “ஆகட்டும்” என்கிறது. நினைவு வந்ததினால் மட்டும் பாவம் இல்லை. இனிப்பு உணரப்பட்டும் மனது அதை வேண்டாமென்று தள்ளினால் பாவம் இல்லை, புண்ணியமே உண்டு. அறிந்து, மனது பொருந்திச் சம்மதிக்கும்போது பாவம் உண்டாகிறது. அர்ச். யாகப்பரும் தமது நிருபத்தின் முதலாம் அதிகாரத்தில், இச்சை கருத்தரித்தே பாவத்தைப் பெறுகிறது என்று இந்த ஒழுங்கைக் காட்டுகிறார்.

இதைத் தெரியாததினால் இரண்டு விதக் கேடு வருகிறது. சிலர் நினைவு வந்தவுடனே, “நான் பாவியாகிவிட்டேன், இனி என்ன?” என்று முழுவதும் விழுந்துவிடுகிறார்கள். சிலர் சம்மதித்த பிறகும், “மனிதன் என்றால் அப்படித்தான்” என்று சாக்குச் சொல்லுகிறார்கள். முந்தினது அவநம்பிக்கை; பிந்தினது அகந்தை. பசாசுக்கு இரண்டும் ஒன்றே.

நீண்டகாலப் பழக்கத்தில் அகப்பட்டவனுடைய சுயாதீனம் குறைந்துபோகக்கூடும். பழக்கமும் ஒழுங்கற்ற பற்றுதலும் ஒருவனுடைய குற்றப் பொறுப்பைக் குறைக்கலாம் என்று, பரிசுத்த பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1992ல் பிரசித்தம் செய்த திருச்சபை ஞானோபதேசம் 1735ம் எண்ணில் போதிக்கிறது. அதற்காகச் சங்கிலியை அறுக்கும் கடமை நீங்கிப்போவதில்லை. கட்டுண்டவன் உதவியைக் கூப்பிடக் கடமைப்பட்டவன்.

5. எப்படி யுத்தம் செய்வது?

முதலாவது, பாவ சமயத்தை விலக்குதல். விரியன் பாம்பு இருக்கிற புற்றில் கை விட்டுக்கொண்டு காவல் சம்மனசைக் கூப்பிடக் கூடாது. எந்தக் கடை வழி, எந்தச் சிநேகிதன், எந்த நேரம் நம்மைக் கவிழ்க்கிறதோ, அதை விலக்க வேண்டும். செல்போன் சோதனையாய் இருந்தால், படுக்கப்போகும்போது அது தகப்பன் தாயார் இருக்கிற அறையில் இருக்கட்டும்.

இரண்டாவது, மறைக்காதிருத்தல். அர்ச். இஞ்ஞாசியார் தமது ஞான ஒடுக்க நூலில், பசாசு தன் தந்திரம் இரகசியமாய் இருக்கும்படி விரும்புகிற மோசக்காரனைப்போல இருக்கிறது என்கிறார். பெண்ணைக் கெடுக்க நினைக்கிறவன், அவள் தகப்பனிடம் சொல்லிவிட்டால் ஓடிப்போவான். அப்படியே சோதனையை ஆத்தும குருவிடம் சொல்லிவிட்டால் பாதி பலம் போய்விடுகிறது.

மூன்றாவது, ஒரே துர்க்குணத்தைப் பிடித்துக்கொள்ளுதல். அதே நூலில் இஞ்ஞாசியார் விசேஷ ஆத்தும சோதனை என்ற ஒரு முறையைக் கற்பிக்கிறார். காலையில் எழுந்தவுடன் இந்த ஒரு குறையில் இன்று விழமாட்டேன் என்று தீர்மானிப்பது; மத்தியானமும் இரவும் எத்தனை தரம் விழுந்தோம் என்று எண்ணி, ஒரு கோட்டின்மேல் அத்தனை புள்ளி வைப்பது; நேற்றை இன்றோடும், போன வாரத்தை இந்த வாரத்தோடும் ஒத்துப்பார்ப்பது. மூன்றாம் சின்னப்பர் என்னும் பாப்பரசர் 1548ல் அங்கீகரித்த நூலில் உள்ள முறை இது. இதற்கு வீட்டு நாட்காட்டியும் ஒரு பென்சிலும் போதும்.

நான்காவது, வெற்றிடம் விடாதிருத்தல். அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 11ம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன உவமையை நினையுங்கள். துரத்தப்பட்ட அசுத்த அரூபி, கூட்டி ஒழுங்குசெய்த வீட்டைக் கண்டு, தன்னிலும் பொல்லாத ஏழு அரூபிகளோடு திரும்பி வருகிறது. சாராயக்கடையில் போன மாலை நேரம் சும்மா கிடந்தால் கால் பழைய வழியே போகும். அந்த நேரத்தில் பிள்ளையின் பாடத்தைக் கேளுங்கள்; ஜெபமாலை சொல்லுங்கள்; வியாதிக்காரரைச் சந்தியுங்கள். தேவநற்கருணையால் உள்ளத்தை நிரப்புங்கள். நம் பலத்தால் அல்ல, இஸ்பிரீத்துசாந்துவின் பலத்தால் ஜெயிக்கிறோம். அர்ச். சின்னப்பரும் தம் முள்ளை எடுத்துவிடும்படி மூன்று தரம் மன்றாடினார்; முள் எடுபடவில்லை, இஷ்டப்பிரசாதம் போதும் என்ற மறுமொழி கிடைத்தது.

குடியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பல வருடம் மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், நடுக்கமும் வலிப்பும் புத்தி மாறாட்டமும் உயிருக்கு ஆபத்தாக வரக்கூடும். அப்படிப்பட்டவர்கள் வைத்தியரிடம் போக வேண்டும். அது விசுவாசக் குறைவு அல்ல. வைத்தியரையும் சர்வேசுரனே தந்தார்.

6. பணமில்லாப் பையோடு நடந்தவர்

அயர்லாந்து தேசத்து டப்ளின் நகரில் 1856ல் பிறந்தவர் மாத் டால்பட் என்னும் ஏழைக் கூலியாள். சுமார் பன்னிரண்டு வயதில் மதுவியாபாரி ஒருவரிடம் வேலைக்குப் போனார். அங்கேயே குடி பற்றிற்று. சம்பளம் முழுவதும் கடைக்குப் போனது. தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஒருவருடைய பிடிலைக்கூடத் திருடி விற்றுக் குடித்தார். 1884ல் ஒரு நாள் கையில் காசின்றிக் கடையருகே நின்றார். தம்மால் எத்தனையோ தரம் குடித்த சிநேகிதர் ஒருவரும் அன்று அவரை அழைக்கவில்லை. அவர் வீடு திரும்பி, தாயிடம் சொல்லிவிட்டுக் குருவானவரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்து, குடிப்பதில்லை என்று பிரதிக்கினை பண்ணினார்.

எத்தனை காலத்துக்கு? மூன்றே மாதத்துக்கு! அதை முடித்தபின் மறுபடியும் நீட்டினார். பின்பு ஆயுள் முழுவதற்கும் ஆக்கினார். ஆரம்பத்தில் ஆசை அவரைக் கொடுமையாய் வாட்டிற்று. கடைக்குள் போகாதிருக்கும்படி சட்டைப்பையில் பணம் வைத்துக்கொள்ளாமல் நடந்தார். நாள்தோறும் விடியற்காலையில் பூசை கண்டார். அந்தப் பிடில்காரரைத் தேடிக் காணாமல், அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கச் செய்தார். ஏறக்குறைய 41 வருடம் மதுவைத் தொடாமல், 1925ம் வருடம் ஜூன் 7ந் தேதி பூசைக்குப் போகும் வழியில் விழுந்து மரித்தார். 1975ல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் காலத்தில் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

வாசலில் நின்ற அந்தச் சகோதரருக்கு நான் சொன்னது இதுவே. நல்ல பிரதிக்கினை என்பது, “இனி விழவே மாட்டேன்” என்ற தீர்க்கதரிசனம் அல்ல. “விழ எனக்கு மனதில்லை, அதற்கானதை இன்றே செய்வேன்” என்ற தீர்மானம். அந்த மனது இருந்தால் பாவசங்கீர்த்தனம் வீண் அல்ல. சாவான பாவத்தில் விழுந்தால் நன்மை வாங்காமல் விலகி உட்கார்ந்து நாளைக் கடத்த வேண்டாம். பாவசங்கீர்த்தனத்துக்கு எழுந்து வர வேண்டும். நாற்பது நாள் காத்தது இஷ்டப்பிரசாதம். விழுந்தபின் வெட்கத்தோடு வாசலில் வந்து நிற்கச் செய்ததும் அதே இஷ்டப்பிரசாதம். இஸ்பிரீத்துசாந்து உள்ளே இல்லாவிட்டால் யுத்தமே இராது. செத்த மீன்தான் ஆற்றோட்டத்தோடு போகும்.

குடும்பத்தாருக்கும் சொல்லுகிறேன். எழும்பப் பார்க்கிறவனைப் பழைய கதை சொல்லிக் குத்தாதீர்கள். விட்டுவிட்டேன் என்கிறவனுடைய கையில், “எனக்காக ஒரு கிளாஸ்” என்று திணிக்கிறவன் துர்மாதிரிகைப் பாவத்துக்கு உத்தரவாதியாகிறான். கல்யாண வீட்டுக்காரர் இதை நன்றாய் ஞாபகத்தில் வைக்கவும்.

அவர் மறுவாரம் தம் மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததாகச் சொன்னார். நாட்காட்டியில் புள்ளி வைக்கிறாராம். சில நாளில் புள்ளி உண்டு, பல நாளில் இல்லை. அவருக்காக ஒரு அருள் நிறை மந்திரம் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் தேவமாதாவுக்குத் தெரியும்.

வீட்டில் கேட்கவேண்டிய வினா விடை

வினா: ஞானஸ்நானம் துர் இச்சையைப் போக்குகிறதா?
விடை: ஜென்மப் பாவத்தைப் போக்குகிறது, துர் இச்சை யுத்தத்துக்காகத் தங்குகிறது.

வினா: துர் இச்சை தன்னில்தானே பாவமா?
விடை: அல்ல. அதற்கு அறிந்து சம்மதிப்பதே பாவம்.

வினா: மாமிசத்தின் கிரியை கற்புக்கு விரோதமான பாவம் மட்டுமா?
விடை: இல்லை. பகை, கோபம், பொறாமை, பிரிவினை, குடிவெறி முதலியவையும் அதில் அடங்கும்.

வினா: இஸ்பிரீத்துசாந்துவின் கனிகள் எத்தனை?
விடை: அர்ச். சின்னப்பரின் நிருபத்தில் கிரேக்க மூலத்தின்படி 9. இலத்தீன் வேதாகமத்தையும் திருச்சபை வழக்கத்தையும் பின்பற்றி நம் ஞானோபதேசத்தில் 12.

வினா: விழுந்தவன் செய்யவேண்டியது என்ன?
விடை: உடனே மனஸ்தாபப்பட்டு, பாவசங்கீர்த்தனம் செய்து, பாவ சமயத்தை விலக்கி, மறுபடியும் யுத்தத்தைத் தொடங்குவது.

இந்த வாரத்துக்கான பிரதிக்கினை: வீட்டில் ஒவ்வொருவரும் தங்கள் ஒரே ஒரு துர்க்குணத்தைத் தெரிந்துகொண்டு, சனிக்கிழமை மட்டும் இரவு ஜெபத்துக்குமுன் புள்ளி வைத்துப் பாருங்கள். புள்ளி குறைந்தால் சர்வேசுரனுக்குத் தோத்திரம். குறையாவிட்டால் சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் காத்திருக்கிறேன்.

உங்கள் பங்குச் சுவாமி